கத்தரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வரும்: ஒரு அரபுச் சொல்லின் ஊர்சுற்றல்

இந்த எபிசோடை மெட்ரோல நின்னுக்கிட்டு கேட்டாலும் சரி, ராத்திரி சாப்பாட்டுக்கு நறுக்கிக்கிட்டே கேட்டாலும் சரி, இன்னைக்கு ஹீரோ உங்க வீட்டு ஃபிரிட்ஜ்லயே இருக்கலாம். கத்தரிக்காய். (அந்த எமோஜியைப் பத்திப் பேசப் போறதில்லை. மனசைத் தேத்திக்கோங்க.)

ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள்ள போறோம்னு வைங்க. எடை போட்டு ஒட்டித் தர்ற ஸ்டிக்கர்ல ‘பிரிஞ்சால்’னு இருக்கும். அதே மாலின் மேல் மாடியில ஒரு இத்தாலிய ரெஸ்டாரன்ட் மெனுவில் ‘எக்பிளான்ட்’ என்பார்கள். லண்டன்ல இருக்கிற உங்க ஃபிரெண்டு வீடியோ கால்ல ‘ஓபர்ஜின்’ வாங்கினேன்னு சொல்வான். ஒரே காய். இங்கிலீஷ் என்கிற ஒரே மொழியில மூணு பேர். இதுல எக்பிளான்டுக்கு விளக்கம் சுலபம்: வெள்ளையா, முட்டை மாதிரியே காய்க்கிற ஒரு வகையைப் பார்த்து வெச்ச பேர். மத்த ரெண்டும், அதாவது ஓபர்ஜினும் பிரிஞ்சாலும், காதுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத மாதிரி கேட்டாலும் ஒரே சொல். ஒரே அரபுச் சொல். அது ரெண்டு பாதையில போய், ஒண்ணு லண்டனுக்கும் ஒண்ணு நம்ம ஊருக்கும் வந்து சேர்ந்திருக்கு.

அந்தச் சொல் ‘பாதின்ஜான்’.

அரேபியர்களுக்கே அது சொந்தச் சொல் இல்லை. பாரசீகத்திலிருந்து வாங்கினது. பாரசீகம் அதை இந்தியப் பக்கமிருந்து வாங்கியது. சமஸ்கிருதத்துல ‘வாதிங்கண’ என்று ஒரு வடிவம் இருக்கு. அதுக்கும் பின்னாடி போனா ஒரு சுவாரஸ்யம் வரும், ஆனா அதைக் கடைசிக்கு வெச்சுக்கிறேன். இப்போதைக்கு இது போதும்: பண்டைய கிரேக்கர்களுக்கும் ரோமானியர்களுக்கும் கத்தரிக்காய் தெரியாது. ஜூலியஸ் சீசர் கத்தரிக்காய் சாப்பிட்டதில்லை. சீனாவுல 6-ம் நூற்றாண்டு விவசாய நூல் ஒண்ணுல அதை எப்படிப் பயிர் பண்ணணும்னு எழுதி வெச்சிருந்த காலத்துல, ஐரோப்பாவுல அதுக்குப் பேரே கிடையாது. பேரும் காயும் சேர்ந்தேதான் அங்க போச்சு. கொண்டு போனவர்கள் அரபு மொழி பேசியவர்கள்.

7-ம் நூற்றாண்டுல அரேபியர்கள் பாரசீகத்தைப் பிடிச்சப்போதான் இந்தக் காயை நெருக்கத்துல பார்க்கிறாங்க. முதல் பார்வையில காதல் எல்லாம் இல்லை. ஒரு பழைய அரபுக் கதை உண்டு. பாலைவனத்துக்காரர் ஒருத்தர்கிட்ட, கத்தரிக்காயைப் பத்தி என்ன நினைக்கிறீங்கன்னு கேட்டாங்களாம். அவர் சொன்னதோட சாரம் இது: நிறம் தேளோட வயிறு, ருசி தேளோட கொட்டு. அந்தக் காலத்து யுனானி வைத்தியர்களும் சும்மா இருக்கல. கறுப்பா இருக்கு, கசக்குது, அதனால உடம்புல கரும்பித்தத்தைக் கூட்டும். மனச்சோர்வு வரும், தோல் நோய் வரும் என்று எழுதினார்கள். ‘கத்தரிக்கா சாப்பிட்டா அரிக்கும், மருந்து சாப்பிடும்போது தொடாதே’ன்னு நம்ம வீட்டுல சொல்றாங்களே, அதோட ஒன்று விட்ட அண்ணன்னு வெச்சுக்கலாம்.

இதை மாத்தினது பாக்தாத் சமையலறைகள். 10-ம் நூற்றாண்டுல இப்னு சய்யார் அல்-வர்ராக் என்பவர் தொகுத்த சமையல் புத்தகம் நமக்குக் கிடைச்சிருக்கு. கலிஃபாக்கள் வீட்டுச் சமையல் அதுல இருக்கு. கத்தரிக்காயை என்ன செய்யணும்னு அந்தக் காலத்துச் சமையல்காரர்கள் கண்டுபிடிச்சிருந்தாங்க: உப்புத் தண்ணியில ஊற வை, கறுப்புச் சாறு இறங்கட்டும், அப்புறம் எண்ணெயில பொரி. எங்க அம்மா இன்னைக்கும் நறுக்கின கத்தரிக்காயை உப்புத் தண்ணிப் பாத்திரத்துலதான் போடுவாங்க. ஏன்னு கேட்டா ‘கறுத்துப் போகும்டா’ன்னு ஒரே பதில்தான்.

இங்கே ஒரு ராணி வருகிறார். பேர் பூரான். (தமிழ்ல கேக்கும்போது கொஞ்சம் கலவரமாத்தான் இருக்கு, என்ன பண்றது.) கலிஃபா அல்-மஃமூனின் மனைவி. 825-ல நடந்த இவங்க கல்யாணம் அரபு வரலாற்றுல பேர் போனது. மணமக்கள் மேல முத்துகளைக் கொட்டினாங்கன்னு எழுதி வெச்சிருக்காங்க. அந்தப் பூரான் பேர்ல ஒரு கத்தரிக்காய் டிஷ் இருந்தது. ‘பூரானிய்யா’. பொரிச்ச கத்தரிக்காய்தான் அடிப்படை. பின்னாடி 1226-ல பாக்தாத்துல எழுதப்பட்ட இன்னொரு சமையல் புத்தகத்துல அது கறியோட சேர்ந்து வருது. ஈரான்ல ‘பொரானி’ன்னா தயிர்ல காய்கறி கலந்தது. பிரியாணிக் கடையில பூண்டு போட்ட தயிர்ப் பச்சடியை ‘புர்ஹானி ரைத்தா’ன்னு தர்றாங்களே? அந்தப் பேருக்கு வழி இங்கிருந்துதான். ஸ்பெயின் தெற்குப் பக்கம் ‘அல்போரோனியா’ன்னு ஒரு காய்கறிக் கூட்டு இன்னமும் சமைக்கிறாங்க. அதே ராணி. 1,200 வருஷம் ஆச்சு. கலிஃபா பேரைச் சொல்ல நமக்கு விக்கிபீடியா தேவைப்படுது, மனைவி பேர் அடுப்புல ஓடிக்கிட்டிருக்கு.

ஸ்பெயின் என்று சொல்லிட்டேன். உண்மையான கதை அங்கதான்.

711-ல வட ஆப்பிரிக்காவிலிருந்து ஜிப்ரால்டர் ஜலசந்தியைக் கடந்து முஸ்லிம் படைகள் ஸ்பெயினுக்குள்ள வருது. அடுத்த எட்டு நூற்றாண்டுக்குக் கொஞ்சம் குறைவான காலம், அந்தத் தீபகற்பத்தின் பெரிய பகுதியோ சின்னப் பகுதியோ அரபு மொழி பேசற ஆட்சியில இருந்தது. அல்-அந்தலுஸ். வாய்க்கால் வெட்டி, ஏற்றம் வெச்சு, அரிசி, கரும்பு, எலுமிச்சை, கத்தரிக்காய்னு கிழக்குப் பயிர்களைக் கொண்டு போய் அங்க நட்டாங்க. 12-ம் நூற்றாண்டுல செவில் நகரத்து விவசாய நிபுணர் இப்னு அல்-அவ்வாம் நாலு வகைக் கத்தரிக்காயை விவரிக்கிறார். 13-ம் நூற்றாண்டு அந்தலூசியச் சமையல் நூல் ஒண்ணுல கத்தரிக்காய்க்கு மட்டும் ஏகப்பட்ட செய்முறைகள்.

இப்போ சொல் எப்படி மாறிச்சுன்னு பார்ப்போம், ஏன்னா அதுலயே ஒரு தடயம் இருக்கு. அரபியில ‘அல்’ என்பது இங்கிலீஷ்ல ‘தி’ மாதிரி. அல்-பாதின்ஜான் என்றால் ‘அந்தக் கத்தரிக்காய்’. ஸ்பெயின்ல இருந்த சாமான்ய மக்கள் இலக்கணப் புத்தகம் வெச்சு அரபி கத்துக்கல. சந்தையில, வயல்ல, அடுத்த வீட்டுல கேட்டுக் கத்துக்கிட்டாங்க. எது ‘அல்’, எது சொல்னு பிரிக்கத் தெரியாம முழுசா விழுங்கிட்டாங்க. சர்க்கரைக்கு அரபியில ‘சுக்கர்’. இத்தாலியர்கள் ‘சுக்கெரோ’ன்னாங்க, ஸ்பானியர்கள் முன்னாடி ஒரு ‘அ’ சேர்த்து ‘அசூகார்’ன்னாங்க. அந்த ‘அ’ அரபு ‘அல்’லின் மிச்சம். கத்தரிக்காய்க்கு பார்சிலோனா பக்கத்து கட்டலான் மொழியில ‘அல்பெர்ஜீனியா’. அது பிரான்சுக்குப் போய் ‘ஓபெர்ஷீன்’ ஆச்சு. 18-ம் நூற்றாண்டுல அங்கிருந்து இங்கிலீஷ். ஆக, லண்டன்ல ஒருத்தர் ‘தி ஓபர்ஜின்’னு சொன்னா, அவர் ‘தி’யை ரெண்டு தடவை சொல்றார். காஸ்டில் பக்கத்து ஸ்பானிஷ் இந்தச் சொல்லுல ‘அல்’லை விட்டுட்டு ‘பெரென்ஹேனா’ன்னு வெச்சுக்கிச்சு. போர்ச்சுகல்ல ‘பெரிஞ்செலா’. கவனிச்சீங்களா? பெரிஞ்செலா. பிரிஞ்சால். அதுக்கும் வருவோம்.

1492. ரெண்டு விஷயம் ஒரே வருஷத்துல. ஜனவரி 2-ல கிரனடா விழுகிறது. ஸ்பெயின்ல கடைசி முஸ்லிம் ஆட்சி முடிஞ்சுது. மார்ச் 31-ல யூதர்கள் மதம் மாறணும், இல்லைன்னா நாட்டை விட்டுப் போகணும்னு ஆணை. கொலம்பஸ் கிளம்பினதும் அதே வருஷம்தான், ஆனா அவருக்கு ஏற்கனவே நிறைய எபிசோடு போட்டாச்சு. அடுத்த சில வருஷத்துல முஸ்லிம்களுக்கும் இதே கதி: ஞானஸ்நானம் அல்லது வெளியேற்றம். மதம் மாறின யூதர்களை ‘கன்வெர்சோ’ என்றார்கள். மாறின முஸ்லிம்களை ‘மொரிஸ்கோ’.

இப்போ அரசாங்கத்துக்கு ஒரு பிரச்சினை. எல்லாரும் சர்ச்சுக்குப் போறாங்க. எல்லாருக்கும் கிறிஸ்தவப் பேர். யார் மனசால மாறினாங்க, யார் நடிக்கிறாங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்குத்தான் இன்க்விசிஷன், விசுவாச விசாரணை மன்றம். 1478-ல போப் அனுமதியோட ஆரம்பிச்சது. அவங்களுக்கு மனசுக்குள்ள எட்டிப் பார்க்க வழியில்லை. சமையலறைக்குள்ள எட்டிப் பார்க்க வழி இருந்தது.

சர்ச்சுல அறிவிப்பு வாசிப்பாங்க. பக்கத்து வீட்டுல இந்த அறிகுறியெல்லாம் பார்த்தா வந்து சொல்லணும்னு ஒரு பட்டியல். சனிக்கிழமை சுத்தமான துணி போடறாங்களா? வெள்ளிக்கிழமை சாயங்காலமே சனிக்கிழமைக்கும் சேர்த்துச் சமைச்சு வெச்சிடறாங்களா? பன்றிக்கறியை ஒதுக்கறாங்களா? யூதர்களுக்கு சனிக்கிழமை அடுப்பு பத்த வைக்கக் கூடாது. அதனால வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள ஒரு பெரிய பானையில கொண்டைக்கடலை, கறி, முட்டை, சில வீட்டுல கத்தரிக்காயும் போட்டு மூடி, தணல்ல வெச்சிடுவாங்க. மறுநாள் வரைக்கும் சூடா இருக்கும். இதுக்குப் பேர் ‘அதஃபீனா’. அதுவும் அரபுச் சொல்தான். புதைச்சு வெச்சது என்று பொருள். அந்தப் பானை யாரையெல்லாம் விசாரணைக் கூண்டுல ஏத்தியிருக்கு!

சாட்சி சொன்னது பெரும்பாலும் யார் தெரியுமா? வீட்டு வேலைக்காரிகள். சில சமயம் அண்டை வீட்டுக்காரங்க. என்ன போட்டாங்க, எந்த எண்ணெய்ல வதக்கினாங்க, என்னைக்குச் சாப்பிட்டாங்கன்னு ஒவ்வொண்ணா சொல்லியிருக்காங்க. எழுத்தர் உட்கார்ந்து எழுதியிருக்கார். டேவிட் கிட்லிட்ஸ், லிண்டா கே டேவிட்சன் என்ற ரெண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இந்தச் சாட்சியங்களைத் தோண்டி எடுத்து 1999-ல ஒரு புத்தகம் போட்டாங்க. வரலாற்றுப் புத்தகம்தான், ஆனா பாதி சமையல் புத்தகம். ஒளிஞ்சு வாழ்ந்த யூதர்களோட சமையலை இன்னைக்கு நாம செஞ்சு பார்க்க முடியுதுன்னா, அதை அழிக்க நினைச்சவங்க அவ்வளவு பொறுப்பா ஃபைல் பண்ணி வெச்சதாலதான். கத்தரிக்காயும் அந்த ஃபைல்களில் இருக்கு.

இங்க ஒரு விஷயத்தை நேர்மையா சொல்லிடணும். இணையத்துல ‘கத்தரிக்காய் சாப்பிட்டதுக்கு எரிச்சாங்க’ன்னு வைரல் பண்ணுவாங்க. அப்படி இல்லை. கத்தரிக்காய் சாப்பிடறது குற்றமில்லை. கிறிஸ்தவர்கள் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டுதான் இருந்தாங்க. நேப்பிள்ஸ் அரசரோட சமையல்காரர் என்று அறியப்படற ருபெர்ட் டி நோலாவின் புத்தகம் 1525-ல ஸ்பானிஷ்ல வந்தப்போ, அதுல ‘மூர்கள் பாணி கத்தரிக்காய்’னு பேரோடயே ஒரு குறிப்பு இருக்கு. செவில் கவிஞர் பல்தசார் தெல் அல்காஸர், தன் மனசைப் பிடிச்சு வெச்சிருக்கிற விஷயங்கள் மூணு என்று ஒரு விளையாட்டுக் கவிதை எழுதினார்: இனேஸ் என்ற பெண், பன்றித் தொடை ஹாம், சீஸ் போட்ட கத்தரிக்காய். ஹாமும் கத்தரிக்காயும் ஒரே தட்டுல, ஒரே இதயத்துல. மனுஷன் தெளிவு.

குற்றம் காயில் இல்லை, சேர்மானத்தில். எந்த நாள், எந்தக் கொழுப்பு, யாரோட. பன்றிக் கொழுப்புல வதக்கினா நீங்க நம்மாளு. ஆலிவ் எண்ணெயில வதக்கினா சந்தேகம். ஆந்த்ரேஸ் பெர்னால்தேஸ் என்று ஒரு பாதிரியார், அந்தக் காலத்து வரலாற்றை எழுதி வெச்சவர். கன்வெர்சோக்கள் கறியை எண்ணெயில, வெங்காயம் பூண்டு போட்டுச் சமைக்கிறாங்க, அதனால அவங்க வாயும் வீடும் நாறுதுன்னு வன்மமா எழுதியிருக்கார். வெங்காயம், பூண்டு, எண்ணெய். இன்னைக்கு இதைத்தான் மெடிட்டரேனியன் டயட்னு காசு குடுத்து வாங்கறோம். வாடகைக்கு வீடு தேடும்போது ‘நீங்க என்ன சாப்பிடுவீங்க’ன்னு கேட்ட ஓனர்களை நேர்ல பார்த்தவங்களுக்கு, அந்தப் பாதிரியார் ரொம்ப அந்நியமாத் தெரிய மாட்டார்.

ஸ்பானிஷ்ல எண்ணெய்க்கு என்ன சொல் தெரியுமா? ‘அசெய்தே’. அரபு ‘அஸ்-ஸைத்’. ஆலிவ் காய்க்கு ‘அசெய்துனா’, அதுவும் அரபு. அரிசி, சர்க்கரை எல்லாம் அரபு. 1567-ல மன்னர் இரண்டாம் பிலிப் கிரனடா மொரிஸ்கோக்களுக்கு ஒரு சட்டம் போடறார்: அரபி பேசக்கூடாது, எழுதக்கூடாது, அரபு உடை கூடாது, அரபுப் பேர் கூடாது. மூணு வருஷத்துல எல்லாரும் காஸ்டில் மொழி கத்துக்கணும். அவங்க கத்துக்க வேண்டிய அந்த மொழியில எண்ணெய் அசெய்தே, கத்தரிக்காய் பெரென்ஹேனா! அடுத்த வருஷமே மலைப்பகுதியில மொரிஸ்கோக்கள் கிளர்ந்து எழுந்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு மேல சண்டை. கடைசியில கிரனடா மொரிஸ்கோக்களைக் கூட்டம் கூட்டமா நாட்டின் மற்ற பகுதிகளுக்குத் துரத்தினாங்க.

இன்னொரு வேதனையும் உண்டு. காட்டிக் கொடுத்தவங்க எல்லாரும் எதிராளிகள் இல்லை. ரொத்ரிகோ கோத்தா என்ற 15-ம் நூற்றாண்டுக் கவிஞர் ஒரு கல்யாண வீட்டைக் கிண்டல் பண்ணி எழுதினார். விருந்துல செதில் இல்லாத மீன் கிடையாது, ஆனா கத்தரிக்காய் மட்டும் ஏராளம் என்று நக்கல். புரியறவங்களுக்குப் புரியும், இது யூத வீட்டு விருந்துன்னு. அந்தக் கோத்தாவும் கன்வெர்சோ குடும்பம்தான். ஊர் தொலேதோ.

தொலேதோ. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க. யூதர்களும் முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் நூற்றாண்டுகளாச் சேர்ந்து வாழ்ந்த ஊர். தொலேதோக்காரங்களுக்கு ஸ்பெயின்ல ஒரு பட்டப்பேர் இருந்தது: ‘பெரென்ஹெனேரோஸ்’. கத்தரிக்காய்க்காரங்க. லேசான கிண்டல்; அடியில லேசான விஷம்.

இப்போ ‘டான் குயிக்ஸாட்’ நாவலுக்கு வருவோம். செர்வான்டெஸ் எழுதினது, முதல் பாகம் 1605, ரெண்டாம் பாகம் 1615. காற்றாலையோட சண்டை போட்ட ஆளோட கதைன்னு ஸ்கூல்ல படிச்சிருப்போம். பலருக்குத் தெரியாத விஷயம், இந்தக் கதையை நான் எழுதலன்னு செர்வான்டெஸ் அதுக்குள்ளயே விளையாடுவார். தொலேதோ கடைத்தெருவுல ஒரு பையன் பழைய காகிதக் கட்டை விக்க வந்தானாம். அரபியில எழுதியிருந்ததாம். படிக்கத் தெரிஞ்ச ஒரு மொரிஸ்கோவைப் பிடிச்சு மொழிபெயர்க்கச் சொன்னாராம். கூலி உலர் திராட்சையும் கோதுமையும். கையெழுத்துப் பிரதியை எழுதினவர் பேர் சீதே ஹமேதே பெனெங்கெலி, ஒரு அரபு வரலாற்றாசிரியர். ஸ்பானிஷ் இலக்கியத்தின் மிகப் பெரிய நாவல், தன்னையே ஒரு அரபு நூலின் மொழிபெயர்ப்புன்னு சொல்லிக்குது. அரபு புத்தகம் வீட்டுல வெச்சிருந்தாலே விசாரணை வரக்கூடிய நாட்டுல.

ரெண்டாம் பாகத்துல, நம்மைப் பத்தி ஒரு புத்தகம் வந்திருக்குன்னு சாஞ்சோ பான்ஸா தன் எஜமானர்கிட்ட சொல்ல வருவான். எழுதினவர் பேரை அவனால சரியா சொல்ல முடியல. ‘சீதே ஹமேதே பெரென்ஹேனா’ங்கறான். கத்தரிக்காய்! அது மூர்களோட பேர் மாதிரி இருக்கேன்னு டான் குயிக்ஸாட் சொல்ல, இருக்கும் இருக்கும், மூர்களுக்குத்தான் கத்தரிக்காய்னா ரொம்பப் பிடிக்குமாமேன்னு சாஞ்சோ பதில் சொல்றான். படிக்கிறவன் சிரிப்பான். சிரிச்சுட்டு வருஷத்தைப் பாருங்க. 1615. அதுக்கு முந்தின வருஷம்தான் ஒரு வேலை முடிஞ்சிருந்தது. 1609-லிருந்து 1614 வரைக்கும், சுமார் 3 லட்சம் மொரிஸ்கோக்களைக் கப்பல்லயும் எல்லை வழியாவும் ஸ்பெயினை விட்டே வெளியேத்தினாங்க. அவங்கள்ல பலர் ஞானஸ்நானம் வாங்கி மூணு நாலு தலைமுறை ஆனவங்க. சாஞ்சோ அந்த ஜோக்கை அடிக்கும்போது, யாரைப் பத்தி ஜோக்கோ அவங்க ஊர்ல இல்லை.

செர்வான்டெஸுக்கு இது தெரிஞ்சே இருக்கு என்பது என் எண்ணம். ஏன்னா அதே ரெண்டாம் பாகத்துல, ரிகோத்தே என்று ஒரு பாத்திரம். சாஞ்சோவோட ஊர்க்காரர், கடைக்காரர், மொரிஸ்கோ. நாடு கடத்தப்பட்டவர் வெளிநாட்டு யாத்ரீகர் வேஷத்துல திருட்டுத்தனமா திரும்பி வர்றார். ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுது, கூட்டத்தோட மரத்தடியில உட்கார்ந்து சாப்பிடறாங்க. மூட்டையில என்னென்ன இருக்குன்னு செர்வான்டெஸ் அடுக்குவார்: ரொட்டி, உப்பு, கொட்டைப் பருப்புகள், சீஸ், ஆலிவ். கூடவே, சதையெல்லாம் போன வெறும் ஹாம் எலும்புகள். மெல்ல முடியாது, சப்பத்தான் முடியும். அந்த விருந்துல கத்தரிக்காய் இல்லை. வேஷம் போட்டு வர்றவன் ஹாம் எலும்பு இருக்கிற மூட்டையோடத்தான் நடக்க வேண்டியிருக்கு. நம்ம ஊர்ல சொல்வாங்களே, கத்தரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகணும்னு. ரிகோத்தே அதுக்கு பயந்துக்கிட்டே நடந்தவர்.

வெளியேறினவங்க கத்தரிக்காயைக் கையோட கொண்டு போனாங்க. ஸ்பெயின் யூதர்கள் போன இடமெல்லாம், சலோனிக்கா, இஸ்தான்புல், இத்தாலி, அவங்க பேசின லதீனோ மொழியும் கத்தரிக்காய்ப் பாட்டும் கூடவே போச்சு. நிஜமாவே பாட்டுதான், கத்தரிக்காயை எத்தனை விதமா சமைக்கலாம்னு பெண்கள் ஒருத்தர் மாத்தி ஒருத்தர் சொல்ற பாட்டு இன்னைக்கும் பாடறாங்க.

இத்தாலியில சொல்லுக்கு வேற கூத்து. பாதின்ஜான் அங்க ‘மெலன்சானா’ ஆச்சு. சாமான்யர் காதுல அது ‘மேலா இன்சானா’ன்னு விழுந்தது: பைத்தியக்கார ஆப்பிள். ஒரு தப்பான காது, நூற்றாண்டுகளுக்கு ஒரு காய்க்குக் கெட்ட பேர்! சாப்பிட்டா பைத்தியம் பிடிக்கும்னு நம்பினாங்க. 1597-ல லண்டன்ல ஜான் ஜெரார்டு எழுதின மூலிகைப் புத்தகத்துலயும் அதே ‘மேட் ஆப்பிள்’. தொலேதோ மக்கள் இதை என்னமோ பக்தியோட சாப்பிடறாங்க, ஆனா இங்கிலீஷ்காரங்களே, நாம நம்ம ஊர்ச் சாப்பாட்டோட நிறுத்திக்குவோம் என்கிற தொனியில அறிவுரை சொல்றார். பாருங்க, அங்கயும் தொலேதோ. தாவரங்களுக்கெல்லாம் லத்தீன் பேர் வெச்ச லின்னேயஸ் 1753-ல கத்தரிக்காய்க்கு ‘சொலானம் மெலோங்கெனா’ன்னு வெச்சார். அந்த மெலோங்கெனாவும் நம்ம பாதின்ஜான் வம்சம்தான். பின்னாடி 1767-ல இதோட சொந்தக்காரச் செடி ஒண்ணுக்கு ‘சொலானம் இன்சானம்’. விஞ்ஞானத்துக்குள்ளயும் பைத்தியம் நுழைஞ்சாச்சு. இத்தாலியச் சமையலின் பிதாமகர் பெல்லெக்ரீனோ அர்தூஸி 1891-ல எழுதறார்: நாப்பது வருஷம் முன்னாடி ஃபுளோரன்ஸ் சந்தையில கத்தரிக்காயைப் பார்க்கவே முடியாது, யூதர்கள் சாப்பாடுன்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்க. ருசி விஷயத்துல யூதர்களுக்குத்தான் நல்ல மூக்கு இருந்திருக்குன்னும் சேர்த்துக்கிறார்.

சரி, நம்ம ஸ்டிக்கர். 1498-ல வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்ததும், 1510-ல கோவாவை போர்ச்சுகீசியர் பிடிச்சதும் தெரியும். அவங்க இங்க இறங்கினப்போ சந்தையில குவிஞ்சு கிடந்த இந்தக் காயைப் பார்த்து, ‘ஓ, பெரிஞ்செலா’ன்னாங்க. அவங்களுக்கு அது அவங்க ஊர்க் காய்! பின்னாடி வந்த ஆங்கிலேயர், இந்தியாவுல போர்ச்சுகீசியர் பேசினதைக் கேட்டு ‘பிரிஞ்சால்’ ஆக்கினாங்க. இங்கிருந்து அது மலேசியா, சிங்கப்பூர், தென் ஆப்பிரிக்கா இங்கிலீஷ் வரைக்கும் போச்சு. மேற்கிந்தியத் தீவுகள்ல இன்னும் ஒரு படி மேல: ‘பிரவுன் ஜாலி’.

பிரவுன் ஜாலியைப் பதிவு பண்ணி வெச்சது ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ-இந்திய அகராதி, 1886-ல வந்தது. இவ்வளவு விதமா உருமாறின சொல் வேற இருக்குமான்னு அதுலயே ஆச்சரியப்படறாங்க. அந்த அகராதியை எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் ஆர்தர் பர்னெல். தஞ்சாவூர் ஜில்லா ஜட்ஜா இருந்தவர், சரஸ்வதி மகால் ஏடுகளுக்கு அட்டவணை போட்டவர். புத்தகம் அச்சாகறதுக்கு நாலு வருஷம் முன்னாடி, 1882-ல இறந்துட்டார்.

இந்தச் சொல் கிளம்பின இடத்துலயும் சும்மா இருக்கல. அதே ‘வாதிங்கண’ இந்தியாவுக்குள்ளேயே ஹிந்தியில ‘பைங்கன்’ ஆச்சு, மராத்தியில ‘வாங்கி’. அதாவது மெனு கார்டுல ‘பைங்கன் பர்த்தா’ன்னு போட்டு, கீழ விளக்கமா ‘பிரிஞ்சால்’னு எழுதியிருந்தா, அது ஒரு சொல்லை அதே சொல்லால விளக்கறது. ஒண்ணு வீட்டை விட்டே போகாதது. இன்னொண்ணு பாரசீகம், பாக்தாத், கோர்டோபா, லிஸ்பன், கோவான்னு சுத்திட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்திருக்கு. பெங்களூர்ல வாங்கிபாத் சாப்பிட்டா மூணாவது சொந்தக்காரனையும் பார்த்துடலாம்.

கடைசிக்குன்னு வெச்சிருந்தது இதுதான். அந்த வாதிங்கணவுக்கும் பின்னாடி ஒரு திராவிடச் சொல் இருக்கு என்று சொல்லும் மொழியியலாளர்கள் உண்டு. பழைய தமிழ்ல கத்தரிக்காய்க்கு ‘வழுதுணை’, ‘வழுதுணங்காய்’. ஔவையார் பேர்ல வழங்கற ஒரு தனிப்பாட்டுல, ஏழை வீட்டு விருந்துச் சாப்பாட்டோட பட்டியல்ல அந்தச் சொல் வரும். நாம அதைத் தொலைச்சுட்டு கத்தரிக்காய்னு மாறிட்டோம். பாலக்காடு தாண்டி ஒரு காய்கறிக் கடையில நின்னு கேளுங்க, ‘வழுதனங்ங’ன்னுதான் சொல்வாங்க.

இந்த வாரம் நான் அல்போரோனியா செஞ்சு பார்த்தேன். ரெண்டு கத்தரிக்காயைச் சதுரமா நறுக்கி அரை மணி நேரம் உப்புத் தண்ணியில போட்டு, ஒட்டப் பிழிஞ்சு, ஆலிவ் எண்ணெயில தனியா பொரிச்சு எடுங்க. அதே எண்ணெயில வெங்காயம், பூண்டு, குடமிளகாய், பரங்கிக்காய், தக்காளி. பூரான் காலத்துல தக்காளியும் குடமிளகாயும் கிடையாது, அதெல்லாம் அமெரிக்காவுலேருந்து பின்னாடி வந்து சேர்ந்தது. எல்லாம் வெந்ததும் கத்தரிக்காயைத் திரும்பச் சேர்த்து, கொஞ்சம் சீரகம், ஒரு ஸ்பூன் வினிகர், அடுப்பைக் குறைச்சு இருபது நிமிஷம். எனக்குக் கொஞ்சம் கசந்தது. உப்புத் தண்ணியில பத்து நிமிஷத்துலயே அவசரப்பட்டு எடுத்துட்டேன். நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.